ஈபி மீட்டரைத் திறக்காமல் அதன் கணக்கைச் சென்னையிலிருந்து செல்பேசியில் பார்க்க வழி உண்டா?

பொதிகைத்தென்றல் எழுதியது:

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன்.

கீழ்வீட்டுக்கு இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 470, 480 யூனிட்டுக்குள்தான் வரும். கடந்த ஓராண்டாக ஒவ்வொரு முறையும் 500-ஐத் தாண்டுகிறது. கடைசிக் கணக்கு 538. புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை. ஏசி ஒன்றுதான், அதையும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்பா ஓடவிடுவதில்லை. தினமும் இரவு டார்ச்சுடன் முன்வாசலுக்குப் போய் மீட்டரில் இருக்கும் எண்ணைப் படித்து எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார். கண்புரை அறுவை செய்துகொண்டவர். அந்த எண்ணைப் படிக்க ஸ்டூல் மேல் ஏறுகிறார் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், மீட்டர் மூடியைக் கழற்றி உள்ளேயிருந்து இரண்டு கம்பி எடுத்துவிட்டால் வைஃபை கருவியில் இணைத்துவிடலாம் என்கிறார். இது சரியா? பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவள் நான். பற்றவைக்கத் தெரியும், சிறிய நிரல் எழுதவும் தெரியும்.

மீட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, ஒற்றைப் பேஸ். திரையில் எண்கள் மாறி மாறி வருகின்றன. கீழே ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. வீட்டு வைஃபை அங்கே வரை எட்டுகிறது.

---

ஈயப்பற்று எழுதியது:

மூடியைத் திறக்கவே வேண்டாம். சிமிட்டும் அந்தச் சிவப்பு விளக்கு போதும். ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரம். அதை எண்ணினால் மீட்டரைப் படித்த மாதிரிதான்.

என் வீட்டில் வைஃபை வசதியுள்ள இஎஸ்பி 8266 என்னும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றும் எல்எம்393 ஒப்பீட்டுச் சில்லு உள்ள ஒளி உணரி ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். இஎஸ்பிஹோம் மென்பொருளில் துடிப்பு எண்ணுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, நிரல் என்று பெரிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒளிக்கேற்பத் தடை மாறும் எல்டிஆர் உள்ள உணரியை வாங்காதீர்கள், அது மெதுவாகத்தான் விழித்துக்கொள்ளும். போட்டோ டிரான்சிஸ்டர் உள்ளதை வாங்குங்கள்.

மாற்று வழி, மீட்டரிலிருந்து வீட்டுக்குள் வரும் பேஸ் கம்பியைச் சுற்றி, மின்னோட்டத்தை அளக்கும் சிடி கவ்வி ஒன்றைப் போடுவது. அது இன்னும் சுலபம்.

---

மீட்டர்பட்டறை எழுதியது:

அம்மா, நான் மின்வாரியத்தின் எம்ஆர்டி பிரிவில், மீட்டர்களையும் ரிலேக்களையும் சோதிக்கும் இடத்தில், பணிக்காலம் முழுவதும் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை விரிவாக எடுத்துக்கொள்கிறேன். இதில் அரைகுறையாகச் சொல்வது ஆபத்து.

முதலில் அந்த எலக்ட்ரீஷியனை மீட்டர் பக்கம் விடாதீர்கள். மீட்டர் உங்கள் வாசலில் இருந்தாலும் அதன் சீல் வாரியத்தின் சீல். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135, 138 ஆகிய பிரிவுகள் மீட்டரில் கைவைப்பதைப் பற்றியவை. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுள்ள குற்றங்கள் அவை. "கணக்குப் பார்க்கத்தான் திறந்தோம்" என்று பறக்கும் படையிடம் சொல்லி நிரூபிக்க முடியாது. இன்றைய ஸ்டாட்டிக் மீட்டர்கள் பல, அதாவது சுழலும் தட்டு இல்லாத மின்னணு மீட்டர்கள், மூடி திறக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் தம் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கின்றன. அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் மின்சுற்று தனி மின்மாற்றி கொண்டு பிரிக்கப்பட்டதல்ல. பலவற்றில் அது நேரடியாக 230 வோல்ட்டோடு தொடர்பில் இருக்கும். அதிலிருந்து எடுத்த கம்பியை உங்கள் அப்பா தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈயப்பற்று சொன்ன ஒளித்துடிப்பு முறைதான் சரியான முறை. எங்கள் பட்டறையிலும் சோதனை மேசையில் மீட்டரின் பிழையை அப்படித்தான் கண்டுபிடிப்போம்: அந்த விளக்கின் முன் ஒளி உணரியை நிறுத்தி, துடிப்பை எண்ணி, தர அளவியோடு ஒப்பிடுவோம். அந்த விளக்கை வைத்ததே அதற்குத்தான். அதை வெளியிலிருந்து பார்ப்பது மீட்டரில் கைவைப்பதாகாது.

மீட்டரின் முகப்பில் கிலோவாட் மணிக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். ஒற்றைப் பேஸ் மீட்டரில் 3200 என்பது மிகச் சாதாரணம், 1600-ம் 6400-ம் கூட உண்டு. உங்களுடையதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 0.3125 வாட் மணி. இரண்டு சிமிட்டலுக்கு இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நொடியில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். ஒரு விநாடி இடைவெளி என்றால் 1125 வாட். பத்து விநாடி என்றால் 112 வாட், அநேகமாகக் குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓடுகிறது. கருவி வாங்குவதற்கு முன்பே கைக்கடிகாரத்தோடு நின்று இதைச் செய்யலாம். வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்து அணைத்து இடைவெளி நீள்வதைப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு எந்த ரசீதிலும் கிடைக்காது.

சிடி கவ்வியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மின்னோட்டத்தை மட்டுமே பார்க்கும். மின்னழுத்தம் 230 என்று நாம் வைத்துக்கொண்டு பெருக்குவோம், ஆனால் மாலையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது 205-க்கு இறங்கிவிடும். இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் பவர் ஃபேக்டரும் அதற்குத் தெரியாது. எல்ஈடி விளக்கு, கணினி, பழைய குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது அது காட்டும் எண்ணும் மீட்டர் எண்ணும் ஒத்துப்போகாது. பேஸ் கம்பியைத் தனியே பிரித்துக் கவ்வியைப் போட வேண்டும் என்பதால் மெயின் சுவிட்ச் பெட்டியையும் திறக்க வேண்டியிருக்கும். மீட்டரே கணக்கிட்டு வெளிச்சமாகச் சொல்வதை விட்டுவிட்டு நாம் ஏன் இன்னொரு கணக்குப் போட வேண்டும்?

பொருத்தும் விதம். உணரியின் முகத்தைக் குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் வாஷருக்குள் வையுங்கள். வாஷரின் நடுத்துளை அந்த விளக்கின் மேல் சரியாக உட்கார வேண்டும். மீட்டரின் கண்ணாடி முகப்பில் எளிதில் பிய்த்தெடுக்கக்கூடிய ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள், பசை வேண்டாம். முன்வாசல் என்றால் காலை வெயில் சாய்வாக விழும். வாஷரைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒரு சுற்று வந்தால்தான் வெயிலைத் துடிப்பு என்று எண்ணாமல் இருக்கும். திரை, மீட்டர் எண், சீல், கணக்கெடுப்பவர் கருவியை வைக்கும் ஒளித்துளை ஆகிய எதையும் மறைக்கக் கூடாது. கணக்கெடுக்க வருபவரிடம் அப்பா முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். அவர் கேட்டால் ஒரு நொடியில் பிய்த்தெடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.

நிரலில் ஒரு விஷயம். ஒவ்வொரு துடிப்பையும் இஎஸ்பியின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதாதீர்கள். நாளைக்கு எட்டு யூனிட் என்றால் 25,600 துடிப்பு. ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் ஃபிளாஷ் கூட நாலு நாளில் தேய்ந்துவிடும். துடிப்பைத் தற்காலிக நினைவில் எண்ணி, நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தத்தை வெளியே அனுப்பினால் போதும்.

அந்த 500 யூனிட் எல்லை பற்றி. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில் 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 ஆனால் 1958. 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். தாண்டினால் அந்த நூறுக்கும் 4.50. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். பிறகு விகிதங்கள் உயர்ந்திருக்கின்றன. கணக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பே 460-ல் நிற்கிறோமா 490-ல் நிற்கிறோமா என்று தெரிவது மாதச் செலவை எண்ணி வாழும் பெரியவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. சிமிட்டாமல் எரியும் அந்த இரண்டாவது விளக்குக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? எர்த் லீக்கேஜை, அதாவது மின்சாரம் எர்த்தில் கசிவதை, குறிக்கும் இரண்டு எழுத்துகளா? படம் எடுத்துப் பாருங்கள். கருவியைவிட அது அவசரம்.

---

நெக்கர்க்கரை எழுதியது:

நான் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். இங்கே புதிய டிஜிட்டல் மீட்டர்களின் முகப்பில் அகச்சிவப்பு வாசல் ஒன்று இருக்கிறது. காந்தம் பதித்த வட்டமான வாசிப்புத் தலையை அதன் மேல் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஓரிரு விநாடிக்கு ஒரு முறை மொத்த யூனிட் எண்ணே தரவாக வந்துவிடும், துடிப்பு எண்ண வேண்டியதில்லை. அந்த நேரத்து வாட் அளவும் வேண்டும் என்றால் மின்கட்டமைப்பு நிறுவனத்திடம் ரகசிய எண் கேட்டு வாங்கி, டார்ச் ஒளியைச் சிமிட்டிச் சிமிட்டி மீட்டருக்குள் செலுத்த வேண்டும். பழைய கறுப்பு மீட்டர் இருந்த வீட்டில், சுழலும் தட்டின் சிவப்புக் கோட்டைப் பிரதிபலிப்பு உணரியால் எண்ணினேன். அதில் 75 சுற்றுக்கு ஒரு யூனிட்.

அந்தக் காந்தத் தலை இணையத்தில் கிடைக்கிறது. இந்திய மீட்டருக்கும் பொருந்துமா?

---

மீட்டர்பட்டறை எழுதியது:

தயவுசெய்து அதை இங்கே யாரும் முயன்று பார்க்க வேண்டாம். காந்தத்தால் மீட்டரை ஏமாற்றும் திருட்டு நம் நாட்டில் பெரிய தலைவலியாக இருந்ததால், நம் மீட்டர்களில் காந்தப்புலத்தைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வலுவான காந்தம் அருகில் வந்தால் முறைகேடு என்று நேரத்தோடு பதிவாகும். சில மீட்டர்கள் அந்தக் காந்தம் இருக்கும் நேரம் முழுவதும் உச்ச மின்னோட்டம் ஓடியதாகவே கணக்கிடும். ஒட்டுநாடாவும் ரப்பர் வாஷரும் போதும். ஒளித்துளை கணக்கெடுப்பவருக்கானது, அதை விட்டுவிடுங்கள்.

---

பொதிகைத்தென்றல் எழுதியது:

ஐயா, விடுமுறைக்கு ஊருக்கு வந்து நானே பொருத்திவிட்டேன். மீட்டரில் 3200 என்றுதான் போட்டிருக்கிறது. இரவு உட்கார்ந்து மீட்டர் எண்ணையும் கருவியின் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலையில் பார்க்கும்போதும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறது. அப்பாவின் செல்பேசியில் பெரிய எழுத்தில் வருகிறது, ஸ்டூலை அம்மா உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

நீங்கள் கேட்ட விளக்குக்குக் கீழே எர்த் லீக்கேஜ் என்பதன் சுருக்கம்தான் இருக்கிறது. பகலில் சில சமயம் அணைகிறது, இரவு முழுக்க எரிகிறது.

இன்னொன்று. நேற்று இரவு பதினோரு மணிக்கு ஏசி, ஃபேன், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முன்வாசலில் நின்றேன். ஓடிக்கொண்டிருந்தவை வைஃபை ரவுட்டரும் இன்வெர்ட்டரும் மட்டும். சிமிட்டலுக்குச் சிமிட்டல் ஒரு நிமிடம் போல ஆகும் என்று எதிர்பார்த்தேன். பதினோரு, பன்னிரண்டு விநாடிக்கு ஒரு முறை சிமிட்டியது. கிட்டத்தட்ட 100 வாட். செல்பேசியில் பழைய இரவுகளின் வரைபடத்தைப் பார்த்தாலும் பத்து மணிக்கு ஏறிக் காலை ஆறு, ஏழு மணிக்கு இறங்கும் ஒரு படி தினமும் இருக்கிறது. எங்கள் வீட்டில் எதுவும் அந்த நேரத்தில் போடப்படுவதோ அணைக்கப்படுவதோ இல்லை. எர்த்தில் கசிகிறதா?

---

மீட்டர்பட்டறை எழுதியது:

கசிவு என்றால் அதற்கு மணி பார்க்கத் தெரியாது. இரவு பத்துக்கு வந்து காலையில் போவது மனிதர் பயன்படுத்தும் சாதனம். ரவுட்டரும் இன்வெர்ட்டரும் இழுப்பது போக மீதி ஏறக்குறைய 75 வாட் என்றால் மின்விசிறி.

மூன்று விவரம் வேண்டும். இன்வெர்ட்டர் எப்போது பொருத்தப்பட்டது, மாடிக்குத் தனி இணைப்பு வாங்குவதற்கு முன்பா, பின்பா? மின்தடை வரும்போது மாடியில் ஏதாவது விளக்கோ விசிறியோ ஓடுகிறதா? மாடி மீட்டரிலும் அதே விளக்கு எரிகிறதா? இன்றிரவு அந்த நேரத்தில் மாடியில் குடியிருப்பவரை ஒவ்வொரு விசிறியாக அணைக்கச் சொல்லி, நீங்கள் கீழே நின்று சிமிட்டலைப் பாருங்கள்.

---

பொதிகைத்தென்றல் எழுதியது:

ஐயா, நீங்கள் நினைத்ததேதான். இன்வெர்ட்டர் வாங்கியபோது மாடியில் அண்ணன் இருந்தார், இரண்டு தளத்துக்கும் ஒரே இணைப்பு. தனி இணைப்பு பிறகு வந்தது. மின்தடையில் மாடிப் படுக்கையறை விசிறி மட்டும் ஓடும் என்று குடியிருப்பவர் சொன்னார். அது வீட்டுக்காரர் செய்துகொடுத்த வசதி என்று இதுவரை நினைத்திருக்கிறார். அவர்கள் குடிவந்துதான் ஓராண்டு ஆகிறது.

இரவு அம்மா படிக்கட்டில் நின்று மேலே குரல் கொடுத்தார். ஹால் விசிறியை அணைத்தார்கள், மாற்றம் இல்லை. படுக்கையறை விசிறியை அணைத்ததும் சிமிட்டல் நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. எண்ணிக்கொண்டே இருந்தேன், ஐம்பது விநாடி கழித்துத்தான் அடுத்தது வந்தது. அந்த இரண்டாவது விளக்கும் அணைந்துவிட்டது. விசிறியைப் போட்டதும் மறுபடி எரிந்தது. மாடி மீட்டரிலும் அதே விளக்கு எரிகிறது.

விசிறியின் பேஸ் எங்கள் இன்வெர்ட்டரிலிருந்து போகிறது, அது புரிகிறது. மாடி மீட்டரில் ஏன் எரிய வேண்டும்?

---

மீட்டர்பட்டறை எழுதியது:

அந்த விசிறிக்குப் பேஸ் உங்கள் மீட்டர் வழியாகப் போகிறது, திரும்பி வருவதோ மாடி மீட்டரின் நியூட்ரல் வழியாக. தனி இணைப்பு கொடுத்தபோது மாடியின் நியூட்ரலைப் புது மீட்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். இன்வெர்ட்டர் பேஸ் கம்பி ஒன்று பழைய இடத்திலேயே இருந்துவிட்டது.

நம் நாட்டு ஒற்றைப் பேஸ் ஸ்டாட்டிக் மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும். இரண்டும் வேறுபட்டால் விளக்கை எரித்துவிட்டு, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலை எர்த்துக்குத் திருப்பித் திருடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. உங்கள் மீட்டரில் பேஸ் அதிகம், விசிறி உங்கள் கணக்கில் ஏறுகிறது. மாடி மீட்டரில் நியூட்ரல் அதிகம், அதே விசிறி அவர்கள் கணக்கிலும் ஏறுகிறது. ஒரே விசிறிக்கு இரண்டு குடும்பமும் பணம் கட்டுகிறீர்கள். 75 வாட், நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட். உங்கள் 538-லிருந்து கழித்துப் பாருங்கள், 498 வருகிறது.

பணம் இரண்டாவது. மாடியில் யாராவது பழுதுபார்க்க மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாம் செத்துவிட்டது என்று நம்பிக் கைவைப்பார்கள். உங்கள் இன்வெர்ட்டர் பேஸ் அந்த விசிறியின் சுருள் வழியாக வந்து மாடியின் நியூட்ரல் கம்பிகளில் உயிரோடு நிற்கும். ஊரே மின்தடையில் இருந்தாலும் நிற்கும். இதில் உயிர் போயிருக்கிறது, விபத்து நடந்த இடத்தைப் பார்த்து நான் மகஜர் எழுதியிருக்கிறேன். சரிசெய்யும் வரை அந்த விசிறியைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், அதுவரை மேசை விசிறி ஒன்று கொடுங்கள்.

உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். இன்வெர்ட்டர் வெளியீட்டில் மாடிக்குப் போகும் கம்பியை இரு முனையிலும் கழற்றி, முனைகளை மூடி, விசிறிக்கு மாடி மீட்டரின் பேஸையே கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டு தளத்திலும் எல்லாச் சாதனங்களையும் ஓடவிட்டு, இரண்டு மீட்டரிலும் அந்த விளக்கு அணைந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகு கூலி கொடுங்கள். அதோடு இரண்டு மெயினிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் மின்னோட்டம் வேறுபட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. நியூட்ரல் எங்காவது இன்னும் கலந்திருந்தால் அது நிற்காமல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

---

பொதிகைத்தென்றல் எழுதியது:

வேலை முடிந்தது ஐயா. இரண்டு விளக்கும் அணைந்திருக்கின்றன, ஆர்சிசிபி இரண்டும் விழாமல் நிற்கின்றன. இரவு வரைபடத்தில் அந்தப் படி இல்லை. மாடியில் இருப்பவர்களிடமும் நடந்ததை அப்பா சொல்லிவிட்டார்.

அவர்களும் தங்கள் மீட்டருக்கு இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். இரண்டு மீட்டரும் ஓரடி தள்ளித்தான் இருக்கின்றன. இன்னொரு இஎஸ்பி பலகை வாங்க வேண்டுமா, இருப்பதிலேயே சேர்க்கலாமா?

---

ஈயப்பற்று எழுதியது:

இருப்பதே போதும். இரண்டாவது உணரியின் வெளியீட்டை டி5 அல்லது டி6 காலில் கொடுங்கள். டி3, டி4, டி8 வேண்டாம். பலகை உயிர்பெறும் நேரத்தில் அந்தக் கால்களின் நிலையைப் பார்த்துத்தான் அது தொடங்கும், விளக்கு அந்த நொடியில் எரிந்தால் தொடங்காமலே நின்றுவிடக்கூடும். உணரிக்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள், 5 வேண்டாம். உணரியின் கம்பியை மீட்டர்களுக்கு வரும் சர்வீஸ் கம்பிகளுக்குக் குறுக்கே கொண்டுபோகாமல் மீட்டர் பொருத்தியிருக்கும் பலகைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். மாடி மீட்டரின் துடிப்பு எண் 3200 தானா என்று தனியே பார்த்துப் போடுங்கள், வேறு தயாரிப்பாக இருந்தால் மாறும்.